வாசலுக்கு வெளியே ஒரு துணை

(பட்டிமன்றத் தலைப்பு: நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத வீட்டுக்குப் பெரிதும் கைகொடுப்பது இன்வெர்ட்டரா? ஜெனரேட்டரா? – ‘ஜெனரேட்டரே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! இன்வெர்ட்டரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற எதிரணிச் சகோதரர்களே! எங்கள் அணித் தோழர்களே! அரங்கம் நிறைய அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! தட்டை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பத்தாரே! 

எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி என்ன சொன்னார்? “இன்வெர்ட்டர் நல்ல மருமகள் மாதிரி. சத்தம் போடாது, மூலையில இருக்கும், கரண்ட் போனதே தெரியாம வேலை பாக்கும். ஜெனரேட்டர் மாமியார் மாதிரி. சத்தம் தெருவுக்கே கேக்கும், எப்பவும் புகைஞ்சுக்கிட்டே இருக்கும்”னார். (சிரிப்பு)

தம்பி! நான் பேரன் பேத்தி எடுத்த மாமியார். (பலத்த சிரிப்பு) கோவிச்சுக்கலை. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க சொன்ன அந்த மருமகள், பொறந்த வீட்டுலேருந்து சீர் வந்துக்கிட்டே இருந்தாத்தானே வேலை பாக்குது? மின்வாரியத்துலேருந்து கரண்ட் வந்து பாட்டரி நெறைஞ்சாத்தானே ஃபேன் சுத்துது? பொறந்த வீட்டு வரத்து நின்னு போச்சுன்னா?

நடுவர்: அம்மா, உங்க மருமகளும் இந்நேரம் டி.வி. பாத்துக்கிட்டு இருப்பாங்க. ராத்திரி வீட்டுக்குப் போகணும்கிறதை மனசுல வச்சுக்கிட்டுப் பேசுங்க. (சிரிப்பு)

அந்தப் பயம் இருக்குங்க அய்யா. அதனால கணக்கு மட்டும் பேசறேன்.

சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? நம்ம வீடுகள்ல இருக்கிற பாட்டரி சாதாரணமா 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர். ரெண்டையும் பெருக்கிப் பாருங்க. 1,800. அதாவது ஒண்ணே முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. அதையும் அடிவரைக்கும் வழிச்சு எடுக்க முடியாது. எடுத்தா பாட்டரி சீக்கிரம் படுத்துடும். மூணு ஃபேன், மூணு லைட்டு போட்டா நாலு மணி நேரம், மிஞ்சிப் போனா அஞ்சு மணி நேரம். அப்புறம் அது ‘கீ கீ’ன்னு கத்தும். அதுக்கப்புறம் அதுவும் இருட்டுல உக்காந்திருக்கும், நம்மளும் இருட்டுல உக்காந்திருப்போம். (சிரிப்பு)

2012-ஆம் வருஷத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சென்னைக்கு வெளியில ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அந்த வருஷத்துல இன்வெர்ட்டர் நமக்கு உதவுச்சு. மறுக்கலை. ஏன் உதவுச்சு? கரண்ட் ஒரு மணி நேரம் போச்சு, ஒரு மணி நேரம் வந்துச்சு. வந்த நேரத்துல குடிச்சுக்கிச்சு, போன நேரத்துல கொடுத்துச்சு. ஆனா இன்னிக்கு நடுவர் அய்யா கொடுத்த தலைப்பு என்ன? ‘நாள்கணக்கில்’ மின்சாரம் இல்லாத வீடு! மணிக்கணக்கில இல்லை அய்யா, நாள்கணக்கில. அந்த ஒரு வார்த்தையை எதிரணி வசதியாத் தாண்டிக் குதிச்சுப் போயிட்டாங்க. (கைதட்டல்)

நாள்கணக்குன்னா என்னன்னு எங்க பக்கத்துக்காரங்களைக் கேளுங்க. நான் வர்றது திருத்துறைப்பூண்டிப் பக்கம். 2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னால, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கஜா புயல் கரையேறுச்சு. ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாஞ்சுது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைன்னு நாலு மாவட்டமும் இருட்டு. டவுனுக்கு ஒரு வாரத்துல, பத்து நாள்ல கரண்ட் வந்துச்சு. உள்கிராமங்களுக்கு வாரக்கணக்கில வரலை. எங்க ஊர்ல இன்வெர்ட்டர் இல்லாமலா இருந்துச்சு? இருந்துச்சு. முதல் நாள் மத்தியானத்தோட எல்லாம் முடிஞ்சு போச்சு.

அன்னிக்கு ஊரைக் காப்பாத்துனது எது? ஜெனரேட்டர் அய்யா! லாரியில வந்து இறங்குன பெரிய ஜெனரேட்டர், ஊராட்சி போர்வெல் மோட்டாரை ஓட்டி மேல்நிலைத் தொட்டியில தண்ணி ஏத்துச்சு. வீட்டுல சின்ன ஜெனரேட்டர் வச்சிருந்தவங்க வாசல்ல தெருவே கூடுச்சு. கையில செல்போனு, பக்கத்துல குடம். வெளியூர்ல இருக்கிற புள்ளைக்கு ‘நாங்க உசுரோட இருக்கோம்’னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு அந்த மிஷின்தான் வேணும். மூச்சுத் திணறுற புள்ளைக்கு மருந்தை ஆவியாக் கொடுக்கிற நெபுலைசர் மிஷினுக்கு அதுதான் வேணும். இன்சுலின் வச்சிருக்கிற ஃபிரிட்ஜுக்கு அதுதான் வேணும். அன்னிக்கு யாரும் ‘சத்தமா இருக்கே’ன்னு சொல்லலை. அந்தச் சத்தம் கேட்டாத்தான் மனசுக்குத் தெம்பு! (பலத்த கைதட்டல்)

அடுத்து எதிரணித் தலைவர் ஒரு பெரிய குண்டு போட்டார். “ஜெனரேட்டர் பெட்ரோல் குடிக்குது, குடும்பத்தை அழிச்சுடும்”னார். குடிக்கிறவங்களாலதான் குடும்பம் அழியுதுன்னு சொன்னா நான் மறுக்கப் போறதில்லை. (சிரிப்பு) கணக்கைப் பாப்போம். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்ல ஒரு லிட்டர் ஊத்துனா ஒண்ணே கால் யூனிட் கரண்ட்டுக்கு மேல எதிர்பாக்காதீங்க. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிக்குது. அப்ப ஒரு யூனிட் எண்பது ரூபாய். நம்ம தமிழ்நாட்டுல 2016-லேருந்து வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இலவசமா வர்றது எங்க, எண்பது ரூபாய் எங்க?

நடுவர்: அம்மா, நீங்க எந்த அணி? (பலத்த சிரிப்பு)

எங்க அணிதாங்க அய்யா! கேளுங்க. எண்பது ரூபாய்ங்கிறது சோத்துக்கு அதிகம். மருந்துக்கு அதிகமா? சோறு தினமும் மூணு வேளை. மருந்து வேணும்கிறப்ப மட்டும், சொன்ன அளவு மட்டும். ஜெனரேட்டர் சோறு இல்லீங்க, மருந்து. மருந்தைச் சோறு மாதிரி சாப்பிட்டா யாரு குத்தம்? ஏ.சி.யைப் போட்டு, டி.வி.யைப் போட்டு, ராத்திரி பூரா ஓட்டிட்டு, “பெட்ரோல் தீந்துடுச்சு”ன்னா மிஷின் என்ன பண்ணும்? காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மூணு மணி நேரம். தண்ணி ஏத்து, ஃபிரிட்ஜைக் குளிர வை, போன் எல்லாத்துக்கும் சார்ஜ் ஏத்து, நிறுத்து. ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பாக்காம மூடியே வச்சிருந்தா நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். ஆனா நம்ம வீட்டுல? கரண்ட் போனவுடனே, ‘உள்ள குளிர்ச்சி இருக்கா’ன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பாக்கிறதுக்குன்னே ஒருத்தர் இருப்பார். (சிரிப்பு) யாருன்னு சொல்ல மாட்டேன். அவரும் டி.வி. பாக்கிறார். (பலத்த சிரிப்பு)

ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. மிஷின் வாங்குறதுக்கு முன்னால ஒரு தாளை எடுத்து எழுதுங்க. பழைய ஃபேன் 75 வாட்ஸ். இப்ப வர்ற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்ஸ். எல்.இ.டி. பல்பு 9 வாட்ஸ். மிக்ஸி 500, 750. ஒரு குதிரைசக்தி தண்ணி மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 1,000 வாட்ஸ் இழுக்கும். ஆனா கிளம்புற அந்த ஒரு நொடியில மூணு மடங்கு, நாலு மடங்கு கேக்கும். மோட்டாரும் ஃபிரிட்ஜும் மாப்பிள்ளை மாதிரி. உக்காந்த பிறகு சாது, வர்றப்பதான் அவ்வளவு உபசாரம் கேக்கும். (சிரிப்பு)

ஒரு கே.வி.ஏ. ஜெனரேட்டர்னா ஏறக்குறைய 800 வாட்ஸ்தான். அதுல ஒரு குதிரைசக்தி மோட்டார் கிளம்பாது. முக்கிட்டு நிக்கும். அதுக்கு மூணு கே.வி.ஏ.யாவது வேணும். கடையில அட்டைப் பெட்டி மேல ரெண்டு எண் போட்டிருப்பான். ஒண்ணு உச்சக்கட்டம், ஒண்ணு தொடர்ந்து கொடுக்கிறது. சின்ன எண் எதுவோ அதை நம்புங்க. ஃபிரிட்ஜை முதல்ல போடுங்க. அது கிளம்பி ஓட ஆரம்பிச்ச பிறகு மத்ததை ஒவ்வொண்ணாப் போடுங்க. ஹீட்டரு, இஸ்திரிப் பெட்டி, ஏ.சி. பக்கமே போகாதீங்க.

இப்ப நான் கொஞ்சம் சிரிப்பை ஓரமா வச்சுட்டுப் பேசணும். எதிரணியில கடைசியாப் பேசின அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. “ராத்திரி ஜெனரேட்டரைப் போட்டுட்டுப் படுத்த குடும்பம் காலையில எழுந்திருக்கலைன்னு பேப்பர்ல படிக்கிறோமே, அதுக்கு என்ன பதில்?”னு கேட்டாங்க. அரங்கமே அமைதியாச்சு. அந்தக் கேள்வியை நான் தாண்டிப் போனா, ஜெயிச்சாலும் அது வெற்றி இல்லை. அதனால நேராப் பேசறேன்.

அம்மா, நீங்க சொன்னது உண்மை. பெட்ரோல் எரியறப்ப புகையில கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு வருது. அதுக்கு நிறம் கிடையாது. மணம் கிடையாது. கண்ணு எரியாது, தொண்டை கரகரக்காது. நம்ம ரத்தத்துல பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபின் இருக்குதே, அதோட இந்த வாயு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்கும். பஸ்ல சீட்டுப் பிடிக்கத் துண்டு போடுறவங்களைப் பாத்திருப்பீங்க. இது துண்டு போட்டுட்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பிராணவாயு நின்னுக்கிட்டே இருக்கும். மூச்சு வந்துக்கிட்டேதான் இருக்கும், ஆனா உசுருக்கு வேண்டியது உள்ள போகாது.

முதல்ல என்ன தெரியும்? தலைவலி. கிறுகிறுப்பு. வயித்தைப் புரட்டும். உடம்பு அசதியா இருக்கும். புயல் அடிச்சு ஓஞ்ச வீட்டுல யாருக்குத்தான் தலைவலி இல்லை? யாருக்குத்தான் அசதி இல்லை? ‘காலையிலேருந்து சாப்பிடலை, அதான்’னு நினைப்போம். ‘கொஞ்சம் படுத்தாச் சரியாப் போயிடும்’னு படுப்போம். படுத்தவங்களை அது எழுப்பாது.

இது நம்ம ஊர் ஏழை வீட்டுல மட்டும் நடக்கறது இல்லை. அமெரிக்காவில எவ்வளவு வசதி! அங்கேயும் வீட்டு ஜெனரேட்டர் புகையால வருஷத்துக்கு ஏறக்குறைய நூறு பேர் சாகறாங்கன்னு அந்த நாட்டு அரசாங்கத்தோட நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே சொல்லுது. 2020 ஆகஸ்ட்ல லூசியானாவில லாரா புயல் அடிச்சப்ப, காத்துக்கும் மழைக்கும் தப்பிச்சவங்கள்ல பல பேர், புயல் போன பிறகு ஜெனரேட்டர் புகையில போனாங்க. புயலுக்குத் தப்பிச்சு, வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு உசுரை விடறது எவ்வளவு பெரிய கொடுமை!

ஆனா நடுவர் அவர்களே, நான் எதிரணி அம்மாவைத் திருப்பி ஒரு கேள்வி கேக்கறேன். அந்த மிஷின் தானா நடந்து வீட்டுக்குள்ள வந்துச்சா? நம்மதானே தூக்கிக்கிட்டு வந்தோம்? ஏன் வந்தோம்? அறிவு கெட்டா வந்தோம்? இல்லை. மூணே மூணு காரணம். ஒண்ணு, மழை. ரெண்டு, திருட்டுப் பயம். மூணு, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சத்தம் கேக்குமேங்கிற கூச்சம். மூணுமே நல்ல மனுஷங்களுக்கு வர்ற காரணம்தான். ‘ஜாக்கிரதை, ஜாக்கிரதை’ன்னு ஆயிரம் தடவை சொல்றதைவிட, இந்த மூணுக்கும் வழி சொன்னாத்தான் குடும்பம் பிழைக்கும். (கைதட்டல்)

மழைக்கு வழி: நாலு காலு நட்டு மேல ஒரு தகரம். நாலு பக்கமும் திறந்து இருக்கணும், கீழே செங்கல் அடுக்கி மேடை. வீட்டுலேருந்து இருபது அடி தள்ளி. புகைக்குழாய் வாய் நம்ம வீட்டுப் பக்கமும் வேண்டாம், பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கமும் வேண்டாம். திருட்டுக்கு வழி: சங்கிலி போட்டு மரத்துலயோ கல்தூணுலயோ பூட்டுங்க. ஓட்டி முடிச்சு, சூடு ஆறின பிறகு உள்ள கொண்டு போய் வச்சுக்குங்க. யாரு வேண்டாம்னது? நின்னு போன மிஷின் புகை விடாது. மூணாவது, கூச்சம். அதுக்கு வழி ரொம்பச் சுலபம். பக்கத்து வீட்டுக்குப் போய், “சாயங்காலம் ஆறுலேருந்து ஒன்பது வரைக்கும் போடுவோம், உங்க போனைக் கொண்டாங்க, ரெண்டு குடம் தண்ணி பிடிச்சுக்குங்க”ன்னு சொல்லுங்க. அப்புறம் அவங்களே வந்து, “ஏன் இன்னிக்கு இன்னும் போடலை?”ன்னு கேப்பாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

வராண்டாதானே, கிரில்தானே போட்டிருக்குன்னு சொல்லாதீங்க. மாடிப்படிக்கு அடியில, பால்கனியில, குளியலறையில, ஷட்டரைப் பாதி இறக்கின கடைக்குள்ள, எங்கேயும் கூடாது. ஜன்னலைத் திறந்து வச்சாலும் பத்தாது. ஃபேனைப் போட்டாலும் பத்தாது. ஜெனரேட்டர் ஓடுற நேரத்துல ஒருத்தருக்குத் தலை வலிச்சாலும், வீட்டுல இருக்கிற எல்லாரும் வெளிக் காத்துக்கு வந்துடுங்க. 108-க்கு போன் பண்ணுங்க. காரணத்தை அப்புறம் ஆராயலாம். எல்லாத்துக்கும் மேல ஒரே ஒரு சட்டம்: வீட்டுல ஒருத்தர் முழிச்சிருந்து பாத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் அது ஓடணும். படுக்கப் போறப்ப அது நிக்கணும்.

நடுவர்: அம்மா, நல்லாச் சொன்னீங்க. ஆனா ஒரு சந்தேகம். படுக்கப் போறப்ப நிறுத்திட்டா, ராத்திரிப் புழுக்கத்துக்கும் கொசுவுக்கும் என்ன பண்றது? அந்த இடம் இன்வெர்ட்டருக்குப் போயிடுதே? எதிரணிக்காரங்க கைதட்டத் தயாரா இருக்காங்க பாருங்க. (சிரிப்பு)

தட்டட்டும் அய்யா! ராத்திரியை நான் இன்வெர்ட்டருக்கே விட்டுக் கொடுக்கறேன். (எதிரணி கைதட்டல்) இருங்க, இருங்க! முழுசாக் கேட்டுட்டுத் தட்டுங்க. புயல் அடிச்ச மூணாம் நாள் ராத்திரி அந்த இன்வெர்ட்டருக்குள்ள கரண்ட் எங்கேருந்து வந்துச்சு? சாயங்காலம் மூணு மணி நேரம் ஓடுன ஜெனரேட்டர்தானே ஏத்தி வச்சுது? அந்த மூணு மணி நேரத்துல ஏத்துனதை வச்சு ராத்திரி ஒரு ஃபேனும் ஒரு சின்ன லைட்டும் அஞ்சு மணி நேரம் ஓடும். எல்லாரும் ஒரே அறையில பாயை விரிச்சுப் படுங்க. சில இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் கரண்ட்டை ஏத்துக்காது. வாங்கும்போதே கேட்டு வாங்குங்க. இப்பச் சொல்லுங்க தம்பி! மருமகள் ராத்திரி பூரா முழிச்சு வேலை பாத்துச்சு, ஒத்துக்கறேன். அந்த மருமகளுக்குச் சாயங்காலம் சாப்பாடு போட்டது யாரு? மாமியார்! (நீண்ட கைதட்டல்)

இன்னொரு உசுரைப் பத்தியும் சொல்லணும். அந்த உசுரு நம்ம வீட்டுக்குள்ள இல்லை. கம்பத்து மேல இருக்கு.

கஜா சமயத்துல மின்வாரியத் தொழிலாளிங்க வேலை பாத்ததை எங்க ஜனங்க இன்னிக்கும் மறக்கலை. வெளி மாவட்டத்துலேருந்து வந்தாங்க, கேரளத்துலேருந்து வந்தாங்க. வயல் சேத்துல முழங்கால் வரைக்கும் புதைஞ்சு, கம்பத்தைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனாங்க. அப்படி வந்த ஒருத்தர் கம்பத்து மேல ஏறிக் கம்பியைப் பிடிக்கிறார். கரண்ட் இல்லாத கம்பின்னு நம்பிப் பிடிக்கிறார். அதே நேரத்துல, கீழே ஒரு வீட்டுல நம்ம ஆளு ஒரு காரியம் பண்றார். ரெண்டு முனையிலயும் பிளக்கு வச்ச வயர். ஒரு முனை ஜெனரேட்டர்ல, இன்னொரு முனை சுவத்து பிளக் பாயிண்ட்ல. ‘ஒரே சொருகு, வீடு பூரா வெளிச்சம்’னு பெருமை வேற!

வீடு பூரா மட்டுமா போகும்? மெயினை நிறுத்தலைன்னா அந்தக் கரண்ட் மீட்டர் வழியா, சர்வீஸ் வயர் வழியா கம்பத்துக்குப் போகும். அங்கேருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் என்ன பண்ணுது? 11,000 வோல்ட்டை நமக்கு 230-ஆக் குறைச்சுத் தருது. பின்பக்கமா உள்ள விட்டா, அது தலைகீழா வேலை பாக்கும். நம்ம வீட்டு 230, அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டா மாறும். நமக்கு வெளிச்சம் கொடுக்க வந்த மனுஷன், நம்ம வீட்டு வெளிச்சத்தாலயே கருகிப் போகணுமா? (அரங்கில் அமைதி)

இதுக்குச் செலவு என்ன பெரிசா ஆகப் போகுது? சேஞ்ச் ஓவர் சுவிட்சுன்னு ஒண்ணு. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வச்சுக்குங்க. கைப்பிடி மேல இருந்தா மின்வாரியக் கரண்ட், கீழே இருந்தா ஜெனரேட்டர் கரண்ட். ரெண்டும் ஒரே நேரத்துல சேரவே முடியாது. அது இல்லாத வீட்டுல, வேணும்கிற சாமானை நல்ல தடிமனான எக்ஸ்டென்ஷன் வயர்ல நேரா ஜெனரேட்டரோட மாட்டுங்க, வீட்டு வயரிங்கைத் தொடாதீங்க. வாரியக் கரண்ட் திடீர்னு வந்து ஜெனரேட்டர் கரண்ட்டோட மோதுனா மிஷினும் புகையும், வீட்டுச் சாமானும் புகையும்.

எதிரணி “கூரையில சோலார் போட்டுட்டா இந்தத் தொல்லையே இல்லை”ன்னும் சொன்னாங்க. பாட்டரி இல்லாம, வாரிய லைனோட சேத்துப் போடுற சாதாரண சோலார், கரண்ட் போனா வெயில் கொளுத்தினாலும் தானா நின்னுடும். தெரியுமா? ஏன் அப்படிச் செஞ்சு வச்சிருக்கான்? கம்பத்து மேல ஆள் இருப்பார்ங்கிறதுதான் முக்கியக் காரணம். ஒரு மிஷினுக்கே அந்த அக்கறையைச் சொல்லி வச்சிருக்கான். மனுஷன் நமக்கு இருக்க வேண்டாமா? (பலத்த கைதட்டல்)

கடைசியா நம்ம பெண்களுக்கு ரெண்டு வார்த்தை. மிஷின் ஓடறப்பவோ சூடா இருக்கறப்பவோ பெட்ரோல் ஊத்த விடாதீங்க. கால் மணி நேரம் ஆறட்டும். பெட்ரோல் கேன் அடுப்படிப் பக்கம் வரவே கூடாது. ஈரக் கையோட தொடக் கூடாது. புது மிஷின்ல முதல் இருபது மணி நேரம் ஓடுன பிறகு ஆயிலை மாத்தணும். அப்புறம் நூறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இல்லைன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. மாசம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க. அப்புறம் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர்ல இருக்கிறது தீர்ற வரைக்கும் ஓடவிட்டு நிறுத்துங்க. இல்லைன்னா பெட்ரோல் பிசின் மாதிரி கட்டிக்கும். புயல் அன்னிக்குக் கயித்தை இழுத்து இழுத்து உங்க வீட்டுக்காரருக்குத் தோள்பட்டைதான் கழண்டு போகும், மிஷின் கிளம்பாது! (சிரிப்பு)

நடுவர் அவர்களே! கரண்ட் இரண்டு மணி நேரம் போனால் இன்வெர்ட்டர் போதும். இரண்டு வாரம் போனால்? குடத்துக்குத் தண்ணீர், நோயாளிக்கு மருந்து, பெற்றவளுக்குப் பிள்ளையின் குரல், அந்த இன்வெர்ட்டருக்கே உயிர், இத்தனையையும் கொடுத்தது ஜெனரேட்டர். அதற்கு நாம் கொடுக்க வேண்டிய மரியாதை மூன்றே மூன்று. வாசலுக்கு வெளியே இடம், நடுவில் ஒரு சுவிட்ச், நாம் தூங்கும்போது அதற்கும் தூக்கம். இந்த மூன்றையும் கொடுக்கிற வீட்டுக்கு அதைப் போல் ஒரு துணை இல்லை. ஆகவே, நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத வீட்டுக்குப் பெரிதும் கைகொடுப்பது ஜெனரேட்டரே, ஜெனரேட்டரே என்று நல்லதொரு தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)

நடுவர்: எந்த அணி ஜெயிக்கப் போகுதுன்னு இன்னும் நான் முடிவு பண்ணலை. ஆனா வீட்டுல வராண்டாவிலயும் மாடிப்படிக்கு அடியிலயும் ஜெனரேட்டரை வச்சு ஓட்டுறவங்க, என் தீர்ப்பு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே எழுந்து போய் வெளியில எடுத்து வச்சுட்டு வாங்க. அதுக்குள்ள எதிரணியைப் பேசச் சொல்றேன்.